கண்ணாடிப் பலகையில் நான்கு விரல்கள்

இரண்டாம் பக்கத்தின் அடியில்
கையெழுத்து வாங்கியாயிற்று.
பேனாவை மூன்று முறை உதறிவிட்டுப் போட்டவர்
"ஓராண்டுக்குச் செல்லும்" என்றார்,
பால் பாக்கெட்டைப் பற்றிச் சொல்வதுபோல.

விசா ஆகஸ்டிலேயே காலாவதி.
உள்ளே இருக்கும்வரை அது பரவாயில்லையாம்.
வெளியே போனால்தான் வெளியே ஆகிவிடுவேனாம்.
பிஷ்கெக்கில் புதிதாகக் குத்திக்கொண்டு வர வேண்டும்.
இதை அண்ணனுக்குத் தொலைபேசியில்
மூன்று விதமாகச் சொல்லிப் பார்த்தேன்.
"முதலில் வந்து சேர், பெர்மெத்" என்றான்.
பத்தொன்பதாம் தேதி அவனுக்குக் கல்யாணம்.

டுலூத்தில் இரவு ஒன்பதரை.
சன்னலுக்கு வெளியே பூஜ்யத்துக்குக் கீழே இருபத்திரண்டு.
சமையலறை மேசைக்கு அந்தப் பக்கம்
பெஹ்னூஷ், அதிகாரியாக.
ஓட்ஸ் டப்பாக்களை அடுக்கிக் கவுண்ட்டர் கட்டியிருக்கிறாள்.
காய் நறுக்கும் கண்ணாடிப் பலகையை
என் பக்கம் தள்ளுகிறாள்.
"வலக்கை. நான்கு விரல். அழுத்து."
வெங்காய வாசனை.
"கேமராவைப் பார்."
ஃப்ரிட்ஜைத் திறந்துவைத்திருக்கிறாள்.
உள்ளே எரியும் விளக்கைப் பார்க்கிறேன்.

"என்ன படிக்கிறாய்?"
"ஏரிக்கடியில் இருக்கும் சேறு."
"சேறு என்று சொல்லாதே. வண்டல்."
"யார் பணம் கட்டுகிறார்கள்?"
"முடித்தபின் எங்கே?"
ஒரு கேள்விக்கு ஒரு வாக்கியம்.
மிஞ்சினால் இரண்டு.
மூன்றாவது வாக்கியத்தில்தான்
ஆட்கள் மாட்டிக்கொள்கிறார்கள்
என்பது அவள் கட்சி.

"பாஸ்போர்ட்டில் உன் பேரில்
ஓர் எழுத்து கூடுதலாக இருக்கிறதே?"

எனக்கே தெரியாது.
எந்த நாளிலோ நாரினில் ஒரு குமாஸ்தா
கொஞ்சம் தாராளமாக இருந்திருக்கிறார்.
"சிரிக்காதே. அங்கே சிரிக்கக் கூடாது.
அதற்காக முறைக்கவும் கூடாது."

போன டிசம்பரில் குமாசிக்குப் போன க்வாபெனாவும்
இதே பலகையில்தான் விரல் வைத்தான்.
திரும்பி வந்து, இருமிக்கொண்டே, பாதி வாடகை கொடுத்தான்.
அதற்கு முந்தைய வருடம் ஒரூரோவுக்குப் போன வில்மா
இன்னும் 'நிர்வாகப் பரிசீலனை'யில் இருக்கிறாள்.
அவளது பனிக்காலணி கதவோரம்.
யாருடைய அளவுக்கும் அது சேரவில்லை,
யாரும் போட்டுப் பார்க்கவுமில்லை.

அதிகாரி மட்டும் எங்கேயும் போனதில்லை.
அவள் விசாவில் நுழைவு: ஒன்று.
அதை நாலரை வருடத்துக்கு முன்பே செலவழித்துவிட்டாள்.
ராஷ்ட் அவள் ஊர்.
அங்கே ஏரிக்குக் கடல் என்று பெயர்,
இங்கே கடலுக்கு ஏரி என்று பெயர்,
இரண்டிலும் ஒருத்தி எதிர்க்கரையைப் பார்த்ததில்லை
என்பாள், தேநீர் ஆறும்வரை.

"காகிதமெல்லாம் கைப்பையில். பெட்டியில் போடாதே.
சரி, எழுந்திரு. இப்போது நீ இந்தப் பக்கம்."

அறைக்குப் போய்த் தன் பாஸ்போர்ட்டை எடுத்துவந்தாள்.
ஓட்ஸ் டப்பாக்களுக்கு நடுவே நீட்டினாள்.
பக்கங்கள் ஒன்றோடொன்று ஒட்டியிருந்தன.

"எங்கிருந்து வருகிறாய்?"
"ராஷ்ட்."
"எத்தனை நாள்?"
"பன்னிரண்டு."
யோசிக்கவே இல்லை.
"உணவுப் பொருள் ஏதாவது?"
"மாதுளைப் பாகு, இரண்டு பாட்டில்.
படிவத்தில் எழுதியிருக்கிறேன்.
அக்கா கட்டிக்கொடுத்தாள்."

மூன்றாவது வாக்கியம்.
நான் தடுக்கவில்லை.

"மழை பெய்துகொண்டிருந்தது.
விமான நிலையம்வரை வந்தாள்.
உள்ளே விடமாட்டார்கள், போ என்றேன்.
கேட்கவில்லை.
அவள் பெண்ணுக்கு என்னைத் தெரியவில்லை முதலில்,
பிறகு மடியைவிட்டு இறங்கவில்லை."

வரிசையில் அவளுக்குப் பின்னால்
வாஷ்பேசினும் நனைந்த கையுறைகளும்தான்.
"வலக்கை" என்றேன்.
வைத்தாள்.
என் தடங்களுக்கு மேலேயே, அழுத்தி.

கதவை மூடச் சொல்லி
ஃப்ரிட்ஜ் கூவ ஆரம்பித்தது.
இருவரும் எழுந்திருக்கவில்லை.